நாலு வார்டுக்கும் ஒரே வரிசை

"என் வார்டு வண்டியில யாரும் கை வைக்க வேண்டாம் மேட்ரன்."

பெரிய சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. அறுவை சிகிச்சை வார்டின் அவசர மருந்து வண்டியை ஒரு கையால் பிடித்தபடியே நின்றார். பல வருடங்களாக அந்த வார்டு அவர் பொறுப்பு.

புதிதாகப் பொறுப்பேற்றிருந்த மேட்ரன் வயதில் இளையவர். பொறுமையாகவே விளக்கினார். நாலு வார்டிலும் வண்டி நாலு விதமாக இருக்கிறது. பக்கத்து வார்டுக்கு உதவிக்கு ஓடுகிற நர்ஸ், எது எந்த டிராயரில் என்று தெரியாமல் துழாவுகிறார். இனிமேல் எல்லா வண்டியிலும் மேல் டிராயரில் உயிர் காக்கும் மருந்து, நடுவில் மூச்சுக் குழாய், கீழே சலைன்.

"நான் கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன். எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"நீங்க எடுத்துடுவீங்கக்கா. மத்தவங்களும் எடுக்கணுமே."

மற்ற மூன்று வார்டுகளும் முணுமுணுத்துக்கொண்டே மாறின. பெரிய சிஸ்டர் மட்டும் மசியவில்லை. காலையில் மேட்ரன் அடுக்கிவிட்டுப் போவார். சாயங்காலம் டூட்டி முடிவதற்குள் எல்லாம் பழைய இடத்துக்கே போயிருக்கும். மறுநாள் மேட்ரன் மறுபடி அடுக்குவார். இதில் யார் ஜெயிப்பார் என்று நர்ஸுகள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

அன்றும் மேட்ரன் அடுக்கிவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வார்டிலிருந்து கூச்சல் கேட்டது. தலைவலி மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஒருவருக்கு முகம் வீங்கி, மூச்சு அடைத்துக்கொண்டிருந்தது.

எதிரே இருந்த குழந்தைகள் வார்டு நர்ஸ்தான் முதலில் ஓடிவந்தார். அந்த வண்டியை அவர் அதற்குமுன் தொட்டதே இல்லை. டாக்டர் மருந்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மேல் டிராயரை இழுத்து, ஊசி மருந்தை எடுத்து நீட்டினார்.

மெல்ல மெல்ல மூச்சு சீரானது. எல்லோருக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

செய்தி கேட்டு மேட்ரன் விரைந்து வந்தார். யாரையும் குத்திக்காட்டவில்லை. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வியர்த்திருந்த நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"வண்டி... இனிமே அப்படியே இருக்கட்டும்" என்று ஆக்சிஜன் மாஸ்க்கை லேசாக விலக்கிச் சொன்னார், கட்டிலில் படுத்திருந்த பெரிய சிஸ்டர்.