வெள்ளத்தில் குதித்த கொள்ளுத்தாத்தா

"நாளைக்கு நகராட்சிக் கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அத்தை. இந்தத் தெருவுக்கு நம்ம கொள்ளுத்தாத்தா பேரை வெச்சிடுவாங்க" என்றான் அண்ணன் மகன். ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்து, பெயர்ப் பலகைக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"என்னன்னு சொல்லணும்?"

"வெள்ளம் வந்தப்ப வாசக்கதவைக் கழற்றி மிதக்கவிட்டு, தெருவையே காப்பாத்தினார்னு."

"எங்க தாத்தாவா? அவரைக் குளிக்க வைக்கவே நாலு பேர் வேணுமேடா!"

அவன் முகம் தொங்கிப்போனது. "விளையாடாதீங்க அத்தை. மாமா எழுதின ஊர் வரலாற்றுலயே இருக்கு. 'குடும்பத்தார் நேரில் சொன்னது'ன்னு அடிக்குறிப்பு வேற. மாமா பொய் எழுதுவாரா?"

"சேச்சே. நான் சொன்னதைத்தான் எழுதினார்."

அத்தை ஜன்னல் வழியே தெருவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"அப்ப அவர் உனக்கு மாமா ஆகலை. பழைய கதை கேட்டு வீடு வீடா அலைஞ்ச ஆளு. நம்ம வீட்டுல சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல. 'சரி, வர்றேன்'னு எழுந்துட்டார். எனக்கு மனசு கேக்கல. வெள்ளத்தை வரவெச்சேன். மறுநாளும் வந்தார். கதவைக் கழற்றினேன். அப்புறம் தினமும் வந்தார். நானும் தினம் ரெண்டு பேரைக் கரையேத்தினேன்."

"போச்சு! பலகைக்குச் சொல்லியாச்சே அத்தை. இப்ப யார் பேரைப் போடுறது?"

"உங்க மாமா பேரையே போடுடா. அந்த மழைக்காலம் முழுக்க இந்தத் தெருவுல முழங்கால் தண்ணி. அதுல இறங்கி வந்தது அவர் ஒருத்தர்தான்."