மூன்றாவது தம்ளர்

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துச் சபையின் ஏழைகளுக்கென்று டின்னில் போட்டுவைப்பது ஜெபசிங்கின் மனைவி பெனிலாவின் வழக்கம். அவள் இறந்து நான்கு மாதமாகியும் டின் அடுப்படியில் அதே இடத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை சபைக்காக வீடுவீடாக அரிசி சேகரிக்க வந்த ரஞ்சிதம் அத்தை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஜெபசிங்கை முறைத்தாள்.

“கைப்பிடி அரிசின்னா ஒரு பிடிதானய்யா? நீ என்ன மம்பட்டி வச்சா அள்ளிப் போடுத?”

“என் கை பெருசு அத்த.”

“போடா. பச்சப்பிள்ளைய வச்சிருக்க. உனக்கே நாங்க தரணும்.”

அவன் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தான். இருவருக்கும் இரண்டு தம்ளர் போதும். கை பழக்கத்தில் மூன்று அளந்துவிடும். அளந்ததை மூட்டையில் திரும்பக் கொட்ட மனம் வராது. டின்னில் கொட்டிவிடுவான். சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த பெயிண்டர் தவசிமுத்துவின் வீட்டில் அந்த அரிசிதான் வெந்தது.

“தவசிமுத்து எந்திரிச்சு நடக்கான். திங்கக்கிழம வேலைக்குப் போறானாம், ஸ்தோத்திரம். இனி எல்லார் வீட்டுலயும் போல உனக்கும் ஒரு பிடிதான், என்ன?”

“சரி அத்த” என்றான். தவசிமுத்து நடப்பது உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை உலை கொதித்தது. மூன்றாவது தம்ளரை அளந்த பிறகுதான் அத்தை சொன்னது நினைவு வந்தது. அதைக் கையில் பிடித்தபடி நின்றான். மகள் வழக்கம்போல ஓடிவந்து, டின்னின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தாள்.