பாதி அரங்கு

பியானோ முன் உட்காரும் முன்பு அவன் வழக்கம்போல மைக்கைப் பிடித்தான். “ஊர்வலம் போனவங்களைச் சுடச் சொன்ன மந்திரியோட மகன் நான்.”

பாதி அரங்கு திட்டிக்கொண்டே எழுந்து போனது. மீதிப் பேருக்கு ஜாஸ் வாசித்தான்.

“ஏன்யா, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?” ஒப்பனை அறையில் மேனேஜர் கத்தினார். “பத்து வருஷத்துல ஊரே மறந்துடுச்சு. நீதான் தண்டோரா போடுற!”

கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். “அவர் சொல்றது நியாயம்தானே? விட்டுடேன்.”

“அப்படிச் சொல்லுங்க சார்!” என்றார் மேனேஜர்.

அவன் கோட்டை மாட்டிக்கொண்டான்.

“அந்த ஊர்வலத்துல என் டிரம்மரும் போனான். திரும்பி வரல.”

பெரியவர் தலை குனிந்தார்.

“தேர்தல் முடியிற வரைக்கும் தினமும் உங்க தொகுதியிலதான் கச்சேரி, அப்பா.”