தோளுக்குள் ஒரு கறுப்பு இடைவெளி

வூக்சானின் வலது தோளில் குளிர்ந்த பசையைத் தடவி, மருத்துவர் ராதோய்கா ஸ்கேன் கருவியை மெல்ல அழுத்தி நகர்த்துகிறாள். வாட்டர் போலோ எனும் நீர்ப்பந்து ஆட்டக்காரனான அவன் அவள் முகத்தையே பார்க்கிறான். கதவருகே நிற்கும் கிளப் மேலாளரை அவள் "வா மிலோ" என்று செல்லமாக வரவேற்றது அவனுக்கு உறுத்துகிறது. கோட்டோர் துறைமுகத்தில் கப்பலொன்று சங்கு ஊத, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. "வெறும் சதைப்பிடிப்புதானே டாக்டர்? ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டம். இவன் இல்லாம முடியாது," என்கிறார் மேலாளர். "கையை முதுகுக்குப் பின்னால கொண்டு போங்க," என்கிறாள் அவள் வூக்சானிடம். அவன் பல்லைக் கடிக்கிறான். சாம்பல் நிறத் திரையில் தசைநாரின் வெள்ளைக் கோட்டுக்கு நடுவே ஒரு கறுப்பு இடைவெளி விழுகிறது. அவள் கை நின்றுவிடுகிறது. அவளும் மேலாளரும் சேர்ந்து எதையோ மறைக்கப் போகிறார்கள் என்றே அவன் நினைக்கிறான். "மிலோ, ஒரு காபி வாங்கிட்டு வாயேன்." மேலாளர் வெளியேறியதும் அவள் திரையை அவன் பக்கம் திருப்புகிறாள். "நார் பாதிக்கு மேல கிழிஞ்சிருக்கு. ஆடினீங்கன்னா முழுசா அறுந்துடும்." படத்தை இரண்டு பிரதிகள் அச்சிட்டு ஒன்றை அவனிடம் நீட்டுகிறாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். போன வருஷம் உங்க கிளப் ஆட்டக்காரர் ஒருத்தரோட படம் இங்கேயிருந்து காணாமப் போச்சு." வெளி நடையில் மேலாளர் திரும்பி வரும் காலடிச் சத்தம் கேட்கிறது. வூக்சான் இடது கையால் படத்தை மடித்துக் காலுறைக்குள் செருகுகிறான்.