நொடிக்குப் பத்துப் படம்

“அந்தச் சத்தத்த முழுசா எடுத்துடுங்க. ஒரு துளிகூட வேண்டாம்” என்றாள் மார்வா.

ஹார்லனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அவள் சொன்னது, செத்துப்போன தன் அம்மாவின் கடைசி வீடியோவைப் பற்றி.

ராச்செஸ்டரில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை ஹார்லனுடையது. மார்வா போன வாரம் ஒரு பென் டிரைவோடு வந்திருந்தாள். அவள் அம்மாவும் அப்பா லெஸ்டரும் சாயங்காலமானால் சேர்ந்து விளையாடுகிற முப்பது வருடப் பழைய பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. மனைவி போன பிறகு லெஸ்டர் அதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. மகள் வாங்கித் தந்த டேப்லட் உறை பிரிக்காமல் கிடந்தது. அதனால், அம்மா அவருக்கென்று எடுத்து வைத்துவிட்டுப் போன நாலு நிமிட வீடியோ அந்தப் பெட்டியிலேயே ஓட வேண்டும் என்றாள்.

லேசான வேலை இல்லை. அந்தக் காலத்துப் பெட்டி டிஸ்க்கை ஆமை மாதிரிதான் படிக்கும். படத்தையும் சத்தத்தையும் பிழிந்து சுருக்கி அந்த ஆமை வேகத்துக்குள் அடக்க வேண்டும். ஒன்றுக்குக் கூட்டிக் கொடுத்தால் மற்றதற்குக் குறைத்தாக வேண்டும்.

ஐந்து நாள் மல்லுக்கட்டினான். எட்டு டிஸ்க் குப்பைக்குப் போயின. கடைசியில் நொடிக்குப் பத்துப் படம் போதும் என்று வெட்டி, மிச்ச இடத்தையெல்லாம் சத்தத்துக்குக் கொடுத்தான். அடுத்தவர் வீட்டு அந்தரங்கத்தை அவன் பத்து நொடிக்கு மேல் பார்ப்பதில்லை. அந்தப் பத்து நொடியில் அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்று சிரித்தது போலத் தெளிவாக இருந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது அந்த டிஸ்க் கடை டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்ற ஹார்லனுக்கு டிவியின் முதுகுதான் தெரிந்தது. மகளோடு வந்திருந்த லெஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடத்தில் மகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“படம் வெட்டி வெட்டி ஓடுது சார்” என்றாள் மார்வா. “நொடிக்கு முப்பது வேணும். சத்தத்த எடுத்துட்டா அதுக்கு இடம் கெடைக்கும்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?”

“சொன்னேன். எந்தப் பைத்தியமாவது அப்படிச் செய்யுமான்னு சொன்னேன்.”

“நாங்க செய்வோம்.”

“ஏம்மா, உங்கம்மா முகம் வீட்ல நூறு போட்டோல இருக்கும். குரல் வேற எங்க இருக்கு? இது ஒண்ணுலதானே?”

“அது எங்களுக்கு உபயோகமில்ல.”

ஹார்லனுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அவன் அம்மாவின் குரல் அவள் செத்த பிறகும் ஒரு வருடம் தங்கையின் போனில் இருந்தது. ‘சாப்ட்டியா, ஒரு போன் பண்ணக்கூடாதா’ என்று இரண்டே வரி. தங்கை போனை மாற்றினாள், குரல் போய்விட்டது. அன்றோடு தங்கையிடம் பேச்சை நிறுத்தியவன். ஆறு வருடம் ஆகிறது.

கவுண்டரில் ஓங்கி ஒரு அறை விட்டான். ஓரத்தில் அடுக்கி வைத்திருந்த கேம் டப்பாக்கள் சரிந்து, தரையில் தடதடவென்று விழுந்தன. மார்வா திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனாள். லெஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அப்பனும் மகளும் நல்லாத்தான் வாய்ச்சிருக்கீங்க! பெத்தவ குரலக் குப்பையில கொட்டச் சொல்ற பொண்ணு. பொண்டாட்டி சிரிப்பக் கேட்டும் மரம் மாதிரி உக்காந்திருக்கற புருஷன். அந்தம்மா உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?”

மார்வாவின் முகம் ரத்தமாகச் சிவந்தது. “வார்த்தைய அளந்து பேசுங்க. அவரப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“தெரிஞ்ச வரைக்கும் போதும். உன் பணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பென் டிரைவ எடுத்துக்கிட்டுக் கெளம்பு. வேற எவன்கிட்டயாவது போயி உங்கம்மா வாய அடைச்சுக்கோ. அந்தப் பாவத்த நான் பண்ண மாட்டேன்.”

மார்வா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். வெளியே பனி தள்ளும் வண்டி போன அதிர்வில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.

“இத நீங்க முழுசாப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“பத்து நொடி. மத்தவங்க வீட்டு விஷயத்தப் பாக்கற பழக்கம் எனக்கில்ல.”

மார்வா டிவியை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று அவன் பக்கம் திருப்பினாள்.

திரையில் சமையலறை மேஜைக்குப் பின்னால் ஒரு மெலிந்த பெண்மணி. உதடுகள் மூடியிருந்தன. நெஞ்சருகே இருந்த வலது கை அடுத்த கணம் நெற்றியில் இருந்தது. அடுத்ததில் இரண்டு கைகளும் கோத்துக்கொண்டிருந்தன. நடுவில் விரல்கள் என்ன செய்தன என்பது படத்தில் இல்லை.

“எங்கம்மாவும் அப்பாவும் காது கேக்காதவங்க, பேசறது கையாலதான் சார். அம்மா வாய அடைச்சது நீங்க.”