பிடரி இறகு

ஏழாவது ஆண் வாத்தைத் தலைகீழாகத் தகரக் கூம்புக்குள் இறக்கியபோது மாப்பிள்ளை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆறடி ஆள். ஒரு வாத்தின் ரத்தத்துக்கு இந்தப் பாடு.

கூம்பின் அடியில் தலை வெளியே வந்தது. அலகை இடது கையால் பிடித்து இழுத்துக் கழுத்தை நீட்டினேன். தாடைக்குக் கீழே ஒரே அறுப்பு. தயங்கினால் கத்தி இறகில் வழுக்கும், இரண்டாம் முறை அறுக்க வேண்டி வரும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

வாளியில் ரத்தம் சடசடவென்று விழுந்தது. கூம்புக்குள் இறக்கை அடிக்க இடமில்லை. கால்கள் மட்டும் மேலே காற்றில் நீந்தின. கொஞ்ச நேரத்தில் நின்றன.

மகள் அதை எடுத்து, சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் அமுக்கினாள். வாத்து இறகில் எண்ணெய் இருக்கிறது, வெறும் தண்ணீர் உள்ளே இறங்காது. நான் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். இந்த முற்றத்தில் வளர்ந்தவள்.

வந்து பத்து நாளாகிறது. தலையைச் சுற்றி, பின்கழுத்தை மூடி ஒரு துண்டு. தலையில் பேன் என்றாள். மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

அவளைக் கூட்டிப் போகத்தான் மாப்பிள்ளை வந்திருந்தார். அறுப்பு முடியட்டும் என்று நான்தான் முக்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். அவளுடைய பை வாசலில் தயாராக இருந்தது. கட்டி வைத்ததும் நான்தான்.

போகமாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

நான் என்னவென்று நினைப்பேன்? மனிதர் குடிப்பதில்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. இப்படிப்பட்டவரோடு வாழ உனக்குக் கசக்கிறதா என்று நேற்றுகூடத் திட்டினேன். இதற்கு முன் இரண்டு முறை வந்தபோதும் அப்படித் திட்டித்தான் அனுப்பினேன்.

எட்டாவது முரண்டு பிடித்தது. கூடையிலிருந்து தூக்கும்போதே இறக்கையால் என் முன்கையில் அறைந்தது. வலி எலும்பு வரை போனது. காலைப் பிடித்துத் தூக்கினால் எனக்குச் சுலபம், ஆனால் வாத்தின் கால் ஒடிந்துவிடும். சாகப்போவதாக இருந்தாலும் ஒடிக்கக் கூடாது. இரண்டு இறக்கையையும் அடியோடு சேர்த்துப் பிடித்துக் கூம்பில் திணித்தேன்.

"எதுக்கு அத்த, ஆண் வாத்தா பாத்து அறுக்குறீங்க?" என்றார் மாப்பிள்ளை, சுவரைப் பார்த்தபடியே.

அறுத்துக்கொண்டே சொன்னேன். ஆறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். ஆண் கூடிப்போனால் பெட்டையை வாழவிடாது. மேலே ஏறும்போது பிடரியைக் கவ்விக்கொள்ளும். இறகைப் பிய்க்கும். தோலைக் கிழிக்கும். குளத்தில் என்றால் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியே கொன்றுவிடும். இதில் வேடிக்கை, ஆணுக்குச் சத்தமே வராது. ஊரைக் கூட்டுவதெல்லாம் பெட்டைதான். ஆண் தொண்டை கட்டியது போலக் கிசுகிசுக்கும். பார்க்கப் பரம சாது.

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம் எனக்கு இது தெரியாது. சில பெட்டைகளுக்குப் பிடரி மொட்டையாக இருந்தது. பேன் என்று நினைத்தேன். மருந்துப் பொடி தூவி, திரும்ப அதே கொட்டகையில் விட்டேன். ஒரே வாரத்தில் மூன்று செத்தன.

"ஐயோ பாவம்" என்றார் மாப்பிள்ளை.

கடைசியாக ஒன்பதாவது. கூட்டத்திலேயே பெரியது. அதைப் பிடிக்க மகள் கூடைக்குள் குனிந்தாள். அது எம்பி, அவள் தலைத்துண்டை அலகால் கவ்வி இழுத்தது. முடிச்சு அவிழ்ந்து துண்டு ரத்தத்தில் விழுந்தது.

பிடரியில் முடி இல்லை.

ஒரு கைப்பிடி அகலத்துக்கு வேரோடு போயிருந்தது. பழைய தழும்பு. அதன் மேல் இன்னும் உதிராத பொருக்கு.

அவள் அவசரமாக ஈரத்துண்டையே எடுத்துச் சுற்றிக்கொண்டாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தவன் எதையும் கவனிக்கவில்லை.

இரண்டு முறை. நானே பை கட்டி, நானே பேருந்து ஏற்றி விட்டு வந்திருக்கிறேன்.

ஒன்பதாவதைக் கூம்பில் இறக்கி அறுத்தேன். கத்தி எலும்பையும் தாண்டிப் போய்விட்டது. தலை கையோடு வந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை.

தலையை வாளியில் போட்டேன். கத்தியைத் துடைத்து, தீட்டுக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தேன்.

அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். இன்னுமா முடியவில்லை என்று கேட்டான், திரும்பாமலே.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாப்பிள்ள. கொஞ்சம் கிட்ட வாங்க, பிடிக்க ஆள் வேணும்" என்றேன்.

மகள் காலிக் கூடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவன் முக்காலியை விட்டு எழுந்து வந்தான். அவள் அவனைத் தாண்டிப் போய், வாசல் கதவை உள்பக்கமாகத் தாழிட்டாள்.