எதிர் அறையின் "சாம்பாள்தோ"

எதிர் அறைக்காரர் சலாவுதீன் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதுதான் பிரம்மநாயகத்துக்குப் பிடிபடவில்லை.

செம்பூரில் அந்த மாடியில் இருந்தது அவர்கள் இருவர் மட்டும்தான். சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது, "கஸ காய்?" என்று இவர் மராட்டியில் நலம் விசாரிப்பார். "சாம்பாள்தோ", பார்த்துக்கொள்கிறேன், என்பார் அவர். இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும்.

அதற்குப் பிறகு பேச ஆள் கிடையாது. இவர் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்து சிலோன் தமிழ் கேட்பார். எதிர் அறையிலும் ஏதோ மெல்ல முனகும்.

'சாம்பாள்' என்றால் விழாமல் பிடித்துக்கொள், பத்திரமாகப் பார்த்துக்கொள். குழந்தையைச் சாம்பாளலாம், ஆட்டைச் சாம்பாளலாம், அடுத்தவர் சாவியைச் சாம்பாளலாம். வெறுமனே சாம்பாள முடியாது. அந்த அறையிலோ ஒரு கிளிகூட இல்லை.

ஆபீஸில் தேஷ்பாண்டேயிடம் கேட்டார்.

"ரிட்டயராகப் போற நேரத்துல மராட்டி இலக்கணமா? 'சேர்த்துத் தாங்கு'ங்கிற சம்ஸ்கிருதத்துலேருந்து வந்ததுய்யா. எங்க சிப்பாய்ங்களோட தஞ்சாவூர் வரைக்கும் போய் உங்க பாஷையிலயும் ஒட்டிக்கிச்சு. யாரைன்னு அந்த ஆளையே கேளேன்."

கேட்கலாம். கேட்டால் பேச்சு வளரும், வளர்ந்தால் குட்டு உடையும். மதராஸிக் கடைகள்மேல் கல் விழுந்துகொண்டிருந்த வருஷம் அது. மனைவியைத் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டு, கதவுப் பலகையில் தன் பெயரைச் சுரண்டி 'நாயக்' ஆக்கியிருந்தார் பிரம்மநாயகம். சலாவுதீன் மராட்டி பேசும் கொங்கணத்து முஸ்லிம் என்பது அவருடைய கணக்கு. அந்த வாயிலிருந்து ஒரு சொல் தெருவுக்குப் போனால் போதும்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம், படியில் கால் வழுக்கியது. முழங்கால் கல்லில் மோதிய வேகத்தில், "ஐயோ, அம்மா" என்று அலறிவிட்டார்.

மேலே கதவு திறந்தது. சலாவுதீன் விறுவிறுவென்று இறங்கி வந்தார்.

பிரம்மநாயகம் வலியை மறந்து மராட்டியில் ஒரு வார்த்தை தேடினார். சலாவுதீன் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, அவர் வாயைக் கையால் அழுத்திப் பொத்தினார்.

"மெதுவா, அண்ணாச்சி. நானும் இப்படித்தான் சமாளிக்கேன்."